இந்திய விசா விண்ணப்பத்தைக் கடைக்காரரின் அருகில் இருந்து நிரப்புங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியா செல்வது முன்னரை விட இப்போது மிகவும் இலகுவாகிவிட்டது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி, கொவிட் காலத்தில் சேவைகள் நின்றுபோயிருந்த பின் 2022 டிசெம்பரில் மீண்டும் சென்னைக்கு விமானங்களை அனுப்பத் தொடங்கியது. பின்னர் திருச்சிக்கும் சேவை வந்தது. இலங்கையர் இந்தியாவுக்கான சுற்றுலா விசாவை இணையத்தில் பெறும் வசதி அதற்கும் முன்னரே, 2015 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நம்மவர்களில் பலர் தமது விண்ணப்பத்தை ஒரு தடவையேனும் கண்ணால் பார்ப்பதில்லை. கடவுச்சீட்டையும் ஒரு படத்தையும் சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடையில் (கணினி, அச்சுச் சேவை தரும் கடை) கொடுத்துவிட்டு, விசா வந்ததும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் இந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்த வழக்கம் மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கடைக்காரரிடம் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கணினி தெரியாத ஒருவருக்கு அந்தக் கடை பெரிய உதவி. ஆனால் அங்கு தட்டச்சிடப்படும் ஒவ்வொரு சொல்லும் விண்ணப்பதாரர் ஓர் அயல்நாட்டு அரசுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் என்பதால், அவர் அருகில் கதிரையைப் போட்டு இருந்து, கேள்விகளை வாசித்துக் காட்டச் சொல்லி, தானே பதில் சொல்ல வேண்டும். குறிப்பாக மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாகவோ உங்கள் பிள்ளைகளுடையதாகவோ இருக்கட்டும். கடையின் முகவரியைக் கொடுத்தால் விண்ணப்ப இலக்கமும், மேலதிக ஆவணம் கேட்டு வரும் கடிதமும், இறுதி முடிவும் கடைக்கே போகும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் திங்கட்கிழமை வரை உங்களுக்கு எதுவும் தெரியாது.

முதலில் சரியான இணையத்தளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடுபொறியில் இந்திய விசா என்று தேடினால், அரசாங்கத் தளம் போலவே சின்னங்களும் நிறங்களும் கொண்ட தனியார் தளங்கள் பல முன்னுக்கு வந்து நிற்கும். அவை உண்மையான கட்டணத்துக்கு மேல் தமது கட்டணத்தையும் சேர்த்து அறவிடும். இந்திய அரசின் தளத்து முகவரி ‘கவ் டொட் இன்’ (gov.in) என்று முடியும். அந்த முடிவைப் பார்த்த பின்னரே கடவுச்சீட்டு விபரங்களைக் கொடுங்கள்.

நம்மவர்களின் விண்ணப்பங்களில் அதிகம் பிழைபடும் இடம் பெயர்தான். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பது எமது வழக்கம். திருமணமான பெண்களுக்கு அந்த இடத்தில் கணவர் பெயர் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சிதம்பரம் போக விரும்பிய என் சின்னம்மா, “தம்பி, குடும்பப் பெயர் எண்டு கேக்கிற இடத்திலை நான் அப்புவின்ரை பேரைப் போடுறதோ, சித்தப்பாவின்ரை பேரைப் போடுறதோ?” என்று கேட்டார். அதற்கான பதில் அவர் கையில் வைத்திருந்த கடவுச்சீட்டிலேயே இருந்தது. படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் இலங்கையைக் குறிக்கும் எல், கே, ஏ என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின் வருவது குடும்பப் பெயர். அடுத்து இரண்டு அம்புக்குறிகள் சேர்ந்தாற்போல் வரும். அவற்றுக்குப் பின்னால் இருப்பவை ஏனைய பெயர்கள். சின்னம்மாவின் வரியில் அந்த இரண்டு குறிகளுக்கு முன் நின்றது அப்புவின், அதாவது அவரின் தகப்பனாரின், பெயர். விண்ணப்பத்திலும் அப்படியே போட்டோம்.

எழுத்துக்கூட்டலும் அவ்வாறே. ‘லிங்கம்’ என்பதை ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூட்டியும் குறைத்தும் எழுதுவோர் உண்டு. ‘த’ என்பதற்கு ஓர் எழுத்துப் போடுவோரும் இரண்டு எழுத்துப் போடுவோரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அடையாள அட்டையில் ஒன்றும் கடவுச்சீட்டில் இன்னொன்றும் இருந்தால், கடவுச்சீட்டில் உள்ளதே விசாவில் வர வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளது பிழையான எழுத்துக்கூட்டலாக இருந்தாலும் அதுவே. அனுப்பிய விண்ணப்பத்தைத் திருத்த முடியாது, கட்டிய பணமும் திரும்பக் கிடைக்காது. ஆகவே இறுதிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் ஆகிய மூன்றையும் இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்து ஒப்பிடுவது நல்லது.

விண்ணப்பம் தாய் தந்தையரின் பிறந்த இடத்தையும் கேட்கும். அவர்கள் காலமாகிப் பல ஆண்டுகள் கடந்திருந்தாலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பிறந்த இடங்களும் குறிக்கப்பட்டிருப்பதால், கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஊகித்து ‘யாழ்ப்பாணம்’ என்று போட்டுவிடுவது பலருக்கும் பொருந்தலாம். ஆனால் மலாயாவில் பிறந்த தகப்பனைக் கொண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அடுத்த கேள்வியை நான் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். இதற்கு முன் இந்தியா சென்றதுண்டா, சென்றிருந்தால் எங்கே தங்கினீர்கள், அந்த விசாவின் இலக்கம் என்ன என்று விண்ணப்பம் கேட்கிறது. போர்க்காலத்தில் வள்ளத்தில் கடல் கடந்து, மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் வேறு முகாம்களிலும் வாழ்ந்து திரும்பியவர்கள் வடக்கில் ஏராளம். அவர்களிடம் விசா இலக்கம் எதுவும் இருக்காது. ‘இல்லை என்று போடுங்கோ, ஒருதருக்கும் தெரியாது’ என்று கடையில் சொல்லப்படும் ஆலோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். பொய்யான பதில் ஒருமுறை பதிவாகிவிட்டால் அது உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய வரலாறு உள்ளவர்கள் இணையத்தில் பணத்தைக் கட்டுவதற்கு முன்னர், நல்லூரில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் தமது நிலையை விளக்கி, எந்த வழியில் விண்ணப்பிப்பது பொருத்தம் என்று கேட்டறிவதே நேர்மையானதும் பாதுகாப்பானதும் ஆகும். விசா மறுக்கப்பட்டிருந்தாலோ நாட்டைவிட்டு அனுப்பப்பட்டிருந்தாலோ அதையும் மறைக்கக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, இங்கிருந்து தமிழ்நாடு போக நினைக்கும் இரட்டைக் குடியுரிமை உடையவர்களுக்கு ஒரு சொல்: வேறு செல்லுபடியான கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றே பதில் சொல்லி விபரத்தைக் கொடுக்க வேண்டும்; எந்தக் கடவுச்சீட்டில் விசா எடுத்தீர்களோ அதையே கையில் கொண்டு செல்ல வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக இருப்பதும், இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருப்பதும் அவசியம். படம் வெள்ளைப் பின்னணியில், நீளமும் அகலமும் சமமான சதுரமாக, ஒரு மெகாபைட்டுக்கு (எம்பி) மேற்படாமல் இருக்க வேண்டும். வேறு தேவைக்கு எடுத்த நீலப் பின்னணிப் படம் உதவாது. கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் பிடிஎப் வடிவில், 300 கிலோபைட்டுக்குள் (கேபி) தரச் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும்.

பணம் செலுத்தும் இடத்தில் பொறுமை தேவை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு உங்கள் அட்டை திறந்துவிடப்பட்டுள்ளதா என்று வங்கியில் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறைக்கு மேல் முயற்சிகள் தோல்வியடைந்தால் அந்த விண்ணப்ப இலக்கம் முடக்கப்பட்டு, முழுவதையும் மறுபடி நிரப்ப நேரும். பணம் கழிந்தும் தளத்தில் அது காட்டப்படாவிட்டால், உடனே இன்னொரு முறை கட்டாமல் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களுக்கு 120 நாட்கள். எதுவாயினும் போய் இறங்குவதற்குக் குறைந்தது நான்கு நாட்கள் முன்னதாக அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. நான் என்றால் அந்த எல்லையை நம்பியிருக்கவே மாட்டேன். இந்த விசாவோடு எல்லா எல்லைகளாலும் உள்ளே போக முடியாது. குறிக்கப்பட்ட நுழைவிடங்கள் மட்டுமே உண்டு. சென்னையும் திருச்சியும் அப்பட்டியலில் உள்ளன. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போக நினைப்பவர்கள், சீட்டு எடுப்பதற்கு முன் அன்றைய நிலையில் அத்துறைமுகம் பட்டியலில் உள்ளதா என்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா வழங்கப்பட்டதாகத் தளம் காட்டிய பின்னரே புறப்பட வேண்டும். அந்த அனுமதியைத் தாளில் அச்சிட்டு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கடவுச்சீட்டோடும் மற்றதைக் கைப்பையிலும் வையுங்கள். இறங்கும் இடத்தில் விரல் அடையாளமும் படமும் எடுத்த பின்புதான் முத்திரை குத்துவார்கள் என்பதால், வயதானவர்களோடு போகிறவர்கள் வரிசையில் அவர்களைத் தனியே விடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.