பெயர் மாறியது ஒரே நாளில்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவில், சட்டப் புத்தகங்கள் போடும் பதிப்பகம் ஒன்றில் புரூஃப் பார்ப்பது என் வேலை. விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கும், வக்கீல்கள் ‘பேர் ஆக்ட்’ (Bare Act) என்று கேட்டு வாங்கிப் போகும் மெல்லிய புத்தகங்கள். அவற்றில் சட்டத்தின் வாசகத்தைவிட அடிக்குறிப்புகளுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். பொடி எழுத்தில் ‘ஏ.ஓ. 1937’, ‘ஏ.ஓ. 1948’, ‘ஏ.ஓ. 1950’ என்று பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும்.

புதிதாகப் பிராக்டிஸ் ஆரம்பித்த ஒரு பையன் ஒருமுறை கேட்டான்: “சார், இந்த ஏ.ஓ. 1950ன்னா என்ன? எல்லாச் சட்டத்துலயும் இருக்கே?”

அவனுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 121ஆவது பிரிவைக் காட்டினேன். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கும் குற்றம். 1860இல் அங்கே இருந்த சொல் ‘அரசி’. குடியரசு பிறந்த 1950இல், சட்டங்களைத் தகவமைக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை (‘அடாப்டேஷன் ஆர்டர்’, சுருக்கமாக ஏ.ஓ.) அந்த இடத்தில் ‘இந்திய அரசு’ என்று போட்டது. குற்றம் அதேதான், தண்டனையும் அதேதான். ‘பிரிட்டிஷ் இந்தியா’ என்று இருந்த இடங்களோ 1948இல் ஒருமுறை, 1950இல் ஒருமுறை, 1951இல் ஒருமுறை என்று மாறி மாறி, கடைசியில் ‘இந்தியா’ ஆயின. மூன்று மாற்றமும் ஒரே அடிக்குறிப்பில் அடங்கிவிடும்.

அரசமைப்புச் சட்டத்தின் 372ஆவது பிரிவு கொடுத்த அதிகாரம் இது. பழைய சட்டங்கள் எல்லாம் நீடிக்கும். வாசகத்தைக் குடியரசுத் தலைவர் ஆணை போட்டுச் சரிசெய்யலாம். கூடவே 13ஆவது பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான பழைய சட்டம் எதுவும் அந்த முரண் உள்ள அளவுக்குச் செல்லாது என்றது. எது முரண் என்று பட்டியல் போட யாரும் உட்காரவில்லை. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். இத்தனை வருடம் இந்தப் புத்தகங்களோடு இருந்த பிறகும் இது எனக்கு ஒப்பவில்லை. நேபாளம் 2015இல் புதிய அரசமைப்பைக் கொண்டுவந்தபோது, கூட்டாட்சி நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடியதிலிருந்து ஓராண்டுக்குப் பிறகு முரணான சட்டம் தானாகவே செல்லாது என்று கெடு வைத்தது. அடிப்படை உரிமைகளைச் செயல்படுத்தும் சட்டங்களுக்கு மூன்றாண்டுக் கெடு தனி. கெடு இருந்தால் உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டில் அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவை இரண்டு சென்னை வழக்குகள். ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தை வைத்துத் தடை போட்டார்கள். ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதத்தில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு, பொது ஒழுங்கு என்ற பரந்த காரணத்துக்காகப் பேச்சுரிமையைத் தடுக்க அரசமைப்பு இடம் தரவில்லை என்று சொல்லி, தடைக்கு அடிப்படையான விதியைச் செல்லாததாக்கியது.

இன்னொன்று செண்பகம் துரைராஜன் வழக்கு. சாதி, மதவாரியாக இடம் பிரித்த வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. சென்னை உயர் நீதிமன்றமும் பிறகு 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அது செல்லாது என்றன. பெரியார் போராட்டத்தில் இறங்கினார், தமிழகம் கொதித்தது.

அடுத்த மாதமே, மே 12 அன்று, நேரு முதல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த விவாதத்தை எங்கள் அலுவலக அலமாரியில் இருந்த பழைய தொகுப்பில்தான் படித்தேன். தொட்டால் ஓரம் உதிரும் தாள். மாலையில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்தால் வீட்டுக்குக் கிளம்ப மனமே வராது. பொதுத்தேர்தல் வருவதற்குள் இந்தத் தற்காலிக நாடாளுமன்றம், அதுவும் ஒரே அவையாக, அரசமைப்பைத் திருத்தலாமா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். சியாமா பிரசாத் முகர்ஜி மூச்சுவிடாமல் எதிர்த்தார். குன்ஸ்ரு நிதானமாக எதிர்த்தார். சட்ட அமைச்சர் அம்பேத்கர் ஒவ்வொரு தீர்ப்பாக எடுத்துவைத்து, திருத்தம் ஏன் வேண்டும் என்று வாதாடினார்.

இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட, அரசமைப்பின் 15(4) உட்பிரிவு அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. அது வந்தே தீரவேண்டிய திருத்தம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பேச்சுரிமை விஷயத்தில்தான் மனம் கசக்கிறது. சட்டத்தை அரசமைப்புக்கு ஏற்ப மாற்றுவதை விட்டுவிட்டு, அரசமைப்பையே பழைய சட்டத்துக்கு இடம் கொடுக்கும்படி வளைத்தார்கள். பொது ஒழுங்கு, அந்நிய நாடுகளுடன் நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று, பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களுக்காகத் தடை போடலாம் என்று சொல்லும் 19(2)இல் புதிய காரணங்கள் சேர்ந்தன, அதுவும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று முன்தேதியிட்டு.

ஆனால் இவ்வளவு வாக்குவாதமும் வீணாகவில்லை. மசோதா அவைக்கு வந்தபோது அந்தத் தடைகளுக்கு எந்த அளவுகோலும் இல்லை. மசோதாவை ஆராயும் உறுப்பினர்களின் தேர்வுக்குழுவுக்குப் போய்த் திரும்பியபோதுதான் அவை ‘நியாயமான’ தடைகளாக இருக்க வேண்டும் என்று சேர்ந்திருந்தது. நியாயமா இல்லையா என்று பார்க்கும் வேலை அதனால் நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைப் பிடித்துப்போன, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் 19(2)இன் கீழ் நிற்க முடியாமல் விழுந்ததற்கு, 1951இன் அந்தச் சச்சரவுக்கும் பங்கு உண்டு. குழு அறிக்கையோடு தங்கள் மறுப்பைச் சேர்த்து ஆட்சேபணைக் குறிப்பு எழுதிய உறுப்பினர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதே 1951 விவாதத்தில் நேரு தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை, ராஜதுரோகத்தை, வெறுக்கத்தக்கது என்றார். எவ்வளவு சீக்கிரம் ஒழிகிறதோ அவ்வளவு நல்லது என்றார். ஆனால் ஒழிக்க அவர் அரசு ஒரு மசோதாவும் கொண்டுவரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அது புத்தகத்தில் இருந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பினேன். 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் ராஜதுரோகம் என்ற பெயர் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்கள் என்று 152ஆவது பிரிவு இருக்கிறது, ஆயுள் தண்டனை வரை.

இந்தப் புதிய சட்டத்தின் மசோதா மக்களவையில் 2023 டிசம்பர் 20 அன்றும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்களில் பலர் அவைக்கு வெளியே இருந்தார்கள்.

முன்பு ஏ.ஓ. 1950 பற்றிக் கேட்ட பையன் இப்போது சீனியர். 152க்கு எதிராக ஒரு மனு தயாரிக்க வேண்டும், அவை விவாதத்தில் எதிர்வாதம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு வந்தான். அவைப் பதிவில் பெரிதாகத் தேடாதே, மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் பின்பக்கம் போ என்றேன். ப. சிதம்பரம், என்.ஆர். இளங்கோ, தயாநிதி மாறன் எழுதிய ஆட்சேபணைக் குறிப்புகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு, 1951 மே மாதத் தொகுப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.