ஜாக்லைனும் ஒரு அளவுநாடாவும்

எங்கள் பாய்மரப் படகில் பிரான்ஸின் செர்பூர் துறைமுகத்துக்குப் போகலாம் என்று முடிவான அன்றைக்கே அண்ணன் கேட்டுவிட்டார்: "தம்பி, அந்த ஜாக்லைனைக் கடைசியா எப்ப பார்த்தனீர்?" நான் பார்த்ததே இல்லை. படகு வாங்கும்போது கூடவே வந்த ஒரு பாதுகாப்பு நாடாச் சுருள், லாக்கரின் அடியில் பழைய ஃபெண்டர்களுக்குக் கீழே கிடந்தது, அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் படகு 33 அடி, வயசு எங்கள் கார்களை விட ரொம்ப அதிகம், ஆளுக்குப் பாதிப் பங்கு. இங்கிலாந்தின் தென்கரையில் ஹாம்பிள் ஆற்றில் கட்டி வைத்திருக்கிறோம். பக்கத்து சாலண்ட் ஜலசந்திக்குள்ளேயே சுற்றுகிற வரைக்கும் ஜாக்லைன் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் அதன் மேற்கு வாயிலில் நிற்கும் நீடில்ஸ் பாறைகளைத் தாண்டினால் செர்பூருக்குச் சுமார் 60 கடல் மைல், அதில் பாதி இருட்டில். அண்ணன் வல்வெட்டித்துறைக்காரர். கடல் விஷயத்தில் அவர் கேட்டால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

தெரியாதவர்களுக்கு: படகின் முன்முனையான அணியத்திலிருந்து, பின்னால் உட்கார்ந்து படகை ஓட்டும் காக்பிட் வரைக்கும் டெக் (மேல்தளம்) மேல் ஓடும் நாடாதான் ஜாக்லைன். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸிலிருந்து வரும் டெதர் என்ற இணைப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு, கழற்றாமலே முன்னும் பின்னும் போய் வரலாம். வட்டக் கயிறாக இருந்தால் காலுக்கடியில் உருளும், கம்பியும் அப்படித்தான், அதனால் பெரும்பாலும் சீட் பெல்ட் மாதிரி தட்டை நாடா.

பழசை வெளியே எடுத்துத் தையலை நகத்தால் சுரண்டினேன், நூல் மாவாக உதிர்ந்தது. வெயில் செய்த வேலை. போதாததற்கு அது நைலான். மத்தியானம் வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டினால், மறுநாள் காலைப் பனியில் நனைந்து துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். ஒரு முனையில் முடிச்சு வேறு போட்டிருந்தார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் நாடாவின் பலம் கணிசமாகக் குறைந்துவிடும், முனையை மடித்துத் தைத்த வளையம்தான் வேண்டும். சரி, தூக்கிப் போட்டுவிட்டு பாலியெஸ்டர் நாடா புதிதாக வாங்கினோம். கடலோட்டப் பந்தயங்களின் விதிப்படி 2040 கிலோ தாங்க வேண்டும், நாங்கள் பந்தயம் ஓடவில்லை என்றாலும் அதையே கணக்காக வைத்துக்கொண்டோம்.

முதலில் எல்லாரும் கட்டுகிற மாதிரிதான் கட்டினேன். இரண்டு பக்கவாட்டு டெக்கிலும் பக்கத்துக்கு ஒரு நாடா, முன் கிளீட்டிலிருந்து (கயிறு கட்டும் கொம்பு) பின் கிளீட் வரை. பார்க்க அழகாக இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அளவுநாடாவை எடுத்து வந்தார். ஜாக்லைனிலிருந்து படகின் விளிம்புக்கு 40 சென்டிமீட்டர். என் டெதரின் நீளம் 1.8 மீட்டர்.

"நீர் இப்ப தண்ணிக்குள்ள நிக்கிறீர், தம்பி."

அதுதான் விஷயம். கட்டியிருக்கிறோம் என்ற நிம்மதியில் விழுவோம், படகு மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், நாம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்போம். 2011 ஜூனில் இங்கிலாந்தின் தென்கரை முனையான செல்சி பில்லுக்குத் தெற்கே லயன் என்ற படகின் ஸ்கிப்பர் (கேப்டன்) அப்படித்தான் இறந்தார், டெதர் அறுந்து அல்ல, டெதரில் மாட்டியபடியே. எங்கள் வழக்கமான பாதையிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை.

பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை இரண்டு நாடாவும் கேபின் கூரை மேல், நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, பாய்மரத்துக்கு இரு பக்கமும். பின் முனைக்குப் படிக்கட்டு வாசலை ஒட்டி யு போல்ட், அடியில் தகடு கொடுத்து முறுக்கியது. கீழே நிற்கும்போதே கொக்கியை மாட்டிவிட்டு மேலே ஏறலாம். காக்பிட்டோடு நிறுத்திக்கொண்டோம். பின்கோடி வரைக்கும் விட்டால் விழுகிறவர் படகுக்குப் பின்னால் போய்த் தொங்குவார். காற்று வரும் பக்கத்து நாடாவில்தான் மாட்ட வேண்டும், ஏனென்றால் விழுவது பெரும்பாலும் சாய்ந்த பக்கம். அங்கிருந்து எதிர் விளிம்புக்கு 2.15 மீட்டர். டெதரையும் ஒரு மீட்டராகச் சுருக்கிவிட்டோம்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் ஒரு சாயங்காலமே போனது. இறுக்கமாக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும். நாடா 6 மீட்டர். நடுவில் 100 கிலோ இழுப்பு விழுந்து அது 30 சென்டிமீட்டர் வளைந்தால் முனை ஒவ்வொன்றிலும் சுமார் 500 கிலோ. அதையே இழுத்துக் கட்டி, ஏழரை சென்டிமீட்டர்தான் வளைகிறது என்றால் 2000 கிலோ. ஏழரை என்றாலே வம்புதான்! தளர்த்தினால் போல்ட் பிழைக்கும், ஆனால் ஆள் போகும் தூரம் கூடும். கடைசியில் நான் டெதரை மாட்டிக்கொண்டு மரீனாவில் டெக் மேல் குப்புற விழுந்து விழுந்து பார்த்தேன், அண்ணன் அளந்தார், பக்கத்துப் படகுக்காரர் டீக் கோப்பையோடு வேடிக்கை பார்த்தார். 35 சென்டிமீட்டர் வளைவில் நிறுத்தினோம். நெஞ்சு டெக்கிலேயே இருந்தது, ஒரு கை மட்டும் விளிம்பைத் தொட்டது.

அணியத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. படகு அங்கே குறுகிவிடுகிறது, தவழ்ந்து போய் உட்கார்ந்து வேலை செய்வதைத் தவிர வழி தெரியவில்லை. முன் முனையைக் கிளீட்டில் கட்டாமல் தனியாக ஒரு வளையம் போட்டோம். 2017இல் உலகைச் சுற்றும் கிளிப்பர் ரேஸ் என்ற படகுப் பந்தயத்தில் ஒருவருடைய டெதர் கொக்கி டெக் கிளீட்டுக்கடியில் மாட்டி, பக்கவாட்டு இழுப்பில் வளைந்து திறந்துகொண்டது, அவர் உயிர் போனது. கொக்கிகள் நேராக இழுக்கத்தான் செய்யப்பட்டவை.

செர்பூர் போய் வந்தோம். ராத்திரி மூன்று மணிக்கு, முன்பக்கப் பாய் சுருளாமல் சிக்கிக்கொண்டது, அலையும் கொஞ்சம் எழும்பியிருந்தது, போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு புகார் மட்டும் உண்டு. கொக்கி கூரை மேல் இழுபடும் சத்தம் கீழே படுத்திருப்பவருக்குத் தலைக்கு நேர் மேலே கேட்கும். "எலி சங்கிலி கட்டிக்கொண்டு ஓடுது எண்டு நினைச்சன்" என்றார் அண்ணன், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே. நாடாவைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மார்க்கரால் மாதமும் வருஷமும் எழுதி உள்ளே வைத்தாயிற்று. கொக்கிக்கு ஒரு ரப்பர் உறை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.