தண்ணீரைத் திரும்ப வாங்கியவர்கள்

தண்ணீர், மருத்துவமனை, பள்ளிக்கூடம், பேருந்து எதுவாக இருந்தாலும் சரி, லாபக் கணக்குக்குள் போனால் முதலில் வெளியே தள்ளப்படுவது கையில் காசில்லாதவர்கள்தான்.

பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் குடிநீர் தனியார் கைக்குப் போனதும் கட்டணம் எகிறியது. 2000-ல் ஆலைத் தொழிலாளிகளும் விவசாயிகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். தண்ணீர் ரசீதுகளைச் சதுக்கத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது.

2004-ல் உருகுவே மக்கள் வாக்களித்து, தண்ணீரை அடிப்படை உரிமையாக அரசியல் சட்டத்திலேயே எழுதவைத்தார்கள். 2010-ல் பாரிஸ் மாநகராட்சி குடிநீர் விநியோகத்தைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது.

"ஒரு கையெழுத்தில் என்ன ஆகிவிடப் போகிறது" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த முறை யாராவது, இப்படிப்பட்ட சேவைகளைத் தனியாருக்குக் கொடுக்காதே என்ற மனுவில் கையெழுத்துக் கேட்டு வாசலுக்கு வந்தால் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் நடத்தும் கூட்டத்துக்கும் போங்கள்.