தென்றல் அடித்த இரண்டு நாள்

நான் படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். பாளையங்கோட்டைக்கு அருகே ஒரு வீட்டு வேலைக்கு சைட் இன்ஜினியராக இருந்தேன். கான்கிரீட் போட்ட எட்டாம் நாள், ஹால் கூரையை அடியில் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கச் சொன்னேன். கான்கிரீட்டுக்கு அடியில் கொடுத்திருந்த தகடு அடுத்த சைட்டுக்குத் தேவைப்பட்டது. வாடகையும் நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

சென்ட்ரிங் மேஸ்திரிக்கு என் அப்பா வயது. "தம்பி, ரூமுல வேணா பிரிச்சுக்கலாம். ஹால் அகலம் ஜாஸ்தி, மழையும் பெஞ்சிருக்கு. பதினாலு நாள் நிக்கட்டும்" என்றார்.

"ஏழு நாள் போதும் அண்ணாச்சி, புஸ்தகத்துலயே இருக்கு" என்றேன்.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிப் புத்தகமான ஐ.எஸ். 456-இல் 7 நாள் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது 4.5 மீட்டர் அகலம் வரைக்கும். அதற்கு மேல் போனால் 14 நாள். எங்கள் ஹால் 5.5 மீட்டர். அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் அதில் உள்ளதை அப்படியே சொன்னார். படித்திருந்த எனக்கு, வேலைக்கு வசதியான பாதிதான் நினைவில் நின்றது.

ஆலோசனையைத் தள்ளியவர்கள் என்றால் பிரசங்கங்களில் முதலில் வருவது சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம்தான். முதியோர் சொன்னதைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டு, பத்துக் கோத்திரங்களை இழந்தவன். அவன் ஜனங்களிடம் கடுமையாகப் பேசியவன், நான் யாரிடமும் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அதனாலேயே அந்தப் பகுதி எனக்கு இல்லை என்று கடந்து போய்விடுவேன். என்னைப் பிடித்து நிறுத்தியது, வேதாகமத்தில் அப்போஸ்தலர் 27-இல் பவுலைக் கைதியாகக் கப்பலில் ரோமுக்குக் கொண்டுபோகும் நூற்றுக்கு அதிபதி யூலியு.

யூலியு நல்லவன். கைதியாக வந்த பவுலை சீதோனில் நண்பர்களிடம் போய்வர அனுமதித்தவன். ஆனால் கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தில், "இப்போது புறப்பட்டால் கப்பலுக்கும் உயிர்களுக்கும் சேதம் வரும்" என்று பவுல் சொன்னபோது, மாலுமியையும் கப்பல் எஜமானையும்தான் அவன் அதிகமாக நம்பினான். யூதர்களின் உபவாச நாள் கழிந்து, கடல் பயணத்துக்கு ஆபத்தான பருவம் வந்துவிட்டது. பவுலோ அதற்கு முன்பே மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியவர் என்று இரண்டாம் கொரிந்தியரில் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் துறைமுகம் மழைகாலத்தில் தங்க வசதியில்லை, பெரும்பாலோர் புறப்படச் சொன்னார்கள். யூலியுவின் இடத்தில் யார் இருந்தாலும் நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். நானும் மேஸ்திரியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன், அவரோடு உட்கார்ந்துதான் டீ குடித்தேன். அந்த மரியாதையே போதும் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன 14 நாளை எண்ணிப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த வசனம் வருகிறது. தென்றல் மெதுவாக அடித்தது. நினைத்தது கைகூடியது என்று எண்ணிப் புறப்பட்டார்கள். வேதாகமத்தில் என்னை அதிகம் பயமுறுத்துகிற வரிகளில் இதுவும் ஒன்று. முட்டுகளைப் பிரித்த பிறகு இரண்டு நாள் எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரை நேராக நின்றது. மேஸ்திரி தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

மூன்றாம் நாள் மேலே கைப்பிடிச் சுவருக்குச் செங்கல் அடுக்கினார்கள். சாயங்காலம் அடியில் தலைமுடி போல விரிசல்கள். நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தொய்வு.

யூலியு எடுத்த முடிவு அவனோடு நின்றுவிடவில்லை. கப்பலில் 276 பேர் இருந்தார்கள். யூரோக்கிலிதோன் என்னும் கடும் புயற்காற்றில் பதினாலு இரவு அலைந்தார்கள், சரக்கைக் கடலில் கொட்டினார்கள், கப்பல் மெலித்தா தீவில் மோதி உடைந்தது. எங்கள் வேலையிலும் அப்படித்தான். பின்னால் இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்க வேண்டியதானது. அந்த வீட்டுக்காரர் ஆசைப்பட்ட மட்டமான கூரை அவருக்குக் கிடைக்கவே இல்லை. கூலிக்காரர்களுக்குப் பல நாள் வேலை போனது. என் சம்பளத்தில் பிடித்தார்கள், அது சின்ன விஷயம்.

புயலின் நடுவே பவுல், "என் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும்" என்று ஒரே ஒரு முறை சொல்கிறார். அடுத்த பேச்சே, திடமனதாயிருங்கள் என்பதுதான். அன்று ராத்திரி மேஸ்திரி டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தார். "அன்னைக்கே சொன்னேம்லா தம்பி" என்றார். உடனே பையன்கள் பக்கம் திரும்பி, "கட்டைய எடுங்கடே" என்றார். விடிய விடிய முட்டுக் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

யூலியுவின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல் அவனிடமும் சேவகரிடமும் சொல்கிறார். இந்த முறை யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. சேவகர் கயிற்றை அறுத்துப் படகைக் கடலோடு விட்டுவிடுகிறார்கள். 276 பேரும் கரை சேர்ந்தார்கள்.

அடுத்த சைட்டிலும் அதே மேஸ்திரிதான். ஒரு பீமைக் காட்டி, "இது இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும் தம்பி" என்றார். நான் கான்ட்ராக்டருக்கு போன் போட்டு, தகடு ஒரு வாரம் கழித்துத்தான் வரும் என்று சொன்னேன்.