ஹெம்லாக் காட்டுக்கு வண்டு வளர்ப்பு: கஷ்டமெல்லாம் மண்ணுக்குள்தான்

அமெரிக்காவின் கிழக்கு மலைக்காடுகளில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களைக் கொன்றுகொண்டிருப்பது அடெல்ஜிட் என்ற சாறுண்ணிப் பூச்சி. நம்மூர் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளைப் பஞ்சாக, ஊசியிலை கொப்போடு சேரும் இடத்தில் அப்பியிருக்கும். ஜப்பானிலிருந்து வந்தது, 1951-ல் வர்ஜீனியாவில் பதிவானது. இதைத் தின்பதற்காக வளர்க்கும் வண்டுகளில் முக்கியமானது லாரிகோபியஸ் நைக்ரினஸ். வட அமெரிக்காவின் மேற்குக் கரை வண்டு, கருப்பு, மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. 2003 முதல் கிழக்குக் காடுகளில் விடுகிறார்கள்.

முட்டையிலிருந்து புழு வரை வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை, உழைப்புதான். தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் அளவுக்குச் செயற்கை உணவு எதுவும் கைகொடுக்கவில்லை. அதனால் அடெல்ஜிட் அப்பிய கொப்புகளைக் குளிர்காலம் முழுக்கக் காட்டிலிருந்து வெட்டி வந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்கால முடிவில் அடெல்ஜிட் முட்டையிடத் தொடங்கியதும், பெண் வண்டு ஒவ்வொரு பஞ்சுப்பைக்குள்ளும் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் 200-க்கு மேல் அடெல்ஜிட் முட்டைகளைத் தின்றுவிடும்.

முட்டை ஏறிய கொப்புகளை, பூ அடுக்கப் பயன்படும் ஈர நுரைக் கட்டியில் குத்தி, அகலமான புனலுக்கு மேல் நிறுத்துவார்கள். வளர்ந்த புழு மண் தேடிக் கீழே விழும். புனல் வழியாக வழுக்கிக் கண்ணாடி ஜாடியில் சேரும். தினமும் எடுத்துவிட வேண்டும். நுரை காய்ந்தால் கொப்பு வாடும், கொப்பு வாடினால் அடெல்ஜிட் சாகும், அரைப்பசியில் புழு முன்கூட்டியே விழும். ஜாடியில் சிறுத்த புழுக்கள் தென்பட்டால் உடனே புதுக் கொப்பு சேருங்கள். இந்தப் புழுக்கள் மண்ணில் தேறுவது அபூர்வம்.

இனிதான் உண்மையான கஷ்டம். புழு மண்ணில் புதைந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகவும் மாறி, அங்கேயே கோடை முழுக்க உறங்கும். மேல்மண், பீட் மாஸ் என்ற மக்கிய பாசி, மணல் கலந்த கலவைதான் வழக்கம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தால் கூட்டுப்புழு வற்றும். பெரும் இழப்பு இந்தக் கட்டத்தில்தான்.

பிழைத்தவையும் தப்பான நேரத்தில் வெளிவரலாம். அடெல்ஜிட்டும் கோடையில் உறங்கி, அக்டோபர் வாக்கில்தான் மறுபடி சாறு உறிஞ்சத் தொடங்கும். ஆய்வகத்திலோ வண்டு அதற்கு முன்பே மண்ணைவிட்டு ஏறிவந்து, தின்ன ஒன்றுமின்றிச் சாகும். இதற்கு வெப்பநிலைதான் வழி: கூட்டுப்புழுப் பருவம் முடியும்வரை 15 டிகிரி செல்சியஸ், உறக்க காலத்தில் சுமார் 19 டிகிரி, இலையுதிர் காலத்தில் 13 அல்லது அதற்கும் கீழே. கோடையில் குளிர்ச்சியாக வைப்பதுதான் வண்டுக்கு நல்லது என்று தோன்றும். உறக்கத்தை முன்கூட்டியே கலைப்பது அந்தக் குளிர்ச்சிதான்.

கிழக்குக் காட்டில் பிடித்த வண்டுகளைத் தாய்க்கூட்டத்தில் சேர்ப்பதென்றால் இனம் பார்த்துச் சேருங்கள். லாரிகோபியஸ் ருபிடஸ் என்ற உள்ளூர் இனம் நைக்ரினஸோடு இணைசேர்ந்து கலப்பினம் தருகிறது.

விடும்போது, அடெல்ஜிட் இருந்தும் புதுத்துளிர் விடும் தெம்புள்ள மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாகக் கிடக்கும் மரத்தில் இரையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி கொடுத்த மரம் வேண்டவே வேண்டாம். அதோடு, இந்த வண்டு குளிர்காலத் தலைமுறையின் முட்டைகளைத்தான் குறைக்கும். அடுத்து வரும் வசந்தத் தலைமுறை மறுபடி பெருகிவிடுவதால், அதையும் தின்னும் வெள்ளி ஈக்களைச் சேர்த்து விடுவதுதான் சரியான திசை என்பது என் கருத்து.