முள்ளியவளையில் கேட்ட கொடுமுடிக் குரல்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகும் வாகனத்தை நான் இன்னும் காணவில்லை. நாங்களும் இறங்கித் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டுதான் மாங்குளத்துக்கு வெளிக்கிட்டோம். அங்கே ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, அப்புறம் கண்ணகி அம்மன் கோயில் இருக்கும் வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பொங்கலன்று கோயிலடியில் கால் வைக்க இடம் கிடைக்காது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் முன்கூட்டியே கூட்டிப் போனேன்.

பாலைப்பழக் காலம். வீதியோரத்தில் ஒரு சிறுமியிடம் இரண்டு சுண்டு வாங்கினோம். மஞ்சள் முத்துப் போலச் சின்னப் பழம், தேன் இனிப்பு. நாலு பழம் தின்றதும் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தின்றுகொண்டே வந்தார்.

முள்ளியவளையில் தெரிந்தவர் ஒருவர் எங்களைக் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். எண்பது தாண்டியவர். முல்லைத்தீவுப் பகுதிக்கென்றே முல்லைமோடி என்று ஒரு கூத்து மரபு உண்டு. அந்த மோடியில் ஆடும் கோவலன் கூத்தில் இளவயதில் கண்ணகியாக ஆடியவர் அவர். அந்தக் காலக் கூத்துக் களரியில் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் பிற்பாட்டும் சேர, விடிய விடிய ஆடிப் பாட வேண்டும்.

"ஆம்பிளை நான் கண்ணகியா ஆடினன். அங்கால ஒரு பொம்பிளை நந்தனாரா நடிச்சவ, தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்கு முந்தி அம்மா சொன்னார்: "கே. பி. சுந்தராம்பாள், அண்ணை!"

அதோடு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் புதிதில்லை. நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளைச் சேலையுமாகப் படத்தில் ஔவையாராக வந்த அவரைத்தான் நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். அந்த வெள்ளைச் சேலையின் கதை பிறகுதான் தெரிந்தது. 1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகவே நாடக மேடைக்கு வந்தவர். 1920களில் கொழும்புக்கு நாடகம் போட வந்த காலத்தில்தான் செங்கோட்டை கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறினார். 1927இல் கல்யாணம். இருவரும் வள்ளி திருமணம் போட்டால் ஊரே திரண்டு வரும். 1933இல் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27, இவருக்கு 25. அன்றைக்கு உடுத்த வெள்ளையை இவர் கடைசிவரை மாற்றவில்லை.

திரும்ப மேடையேறவே மனமில்லாமல் இருந்தவரைத்தான் சினிமா தேடி வந்தது. 1935இல் வந்த நந்தனாரில் ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அப்புறம் மணிமேகலை, 1953இல் ஔவையார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார், 1970இல் பத்மஸ்ரீ.

அண்ணாவியாருக்கு இந்த விருதுக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. அவர் நின்றது ஒரே இடத்தில்: 1964இல் வந்த பூம்புகார். அதில் சுந்தராம்பாள் கவுந்தி அடிகள், கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்திப் போகும் சமணத் துறவி. அந்தப் படத்தைப் பார்க்கவென்றே யாழ்ப்பாணம் போனாராம். மதுரையை எரித்த பிறகு கண்ணகி இலங்கைக்கு வந்து பத்து இடங்களில் தங்கினாள், பத்தாவதுதான் வற்றாப்பளை என்று நம்புகிற ஊர் இது. இங்கே பிறந்தவருக்குக் கவுந்தி அடிகள் வேறு யாரோ இல்லை, சொந்தக்காரி மாதிரி.

"அவ கமராவைப் பாத்துப் பாடேல்லை, கவனிச்சனீங்களோ? களரியிலை கடைசியா சாக்கு விரிச்சுப் படுத்திருக்கிறவனுக்குப் பாடுறா. மைக் இல்லாத காலத்துத் தொண்டை அது" என்றார்.

எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். இப்படி எனக்குத் தோன்றியதே இல்லை. திருவிளையாடலில் மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன முருகனை அவர் பாட்டாலேயே கூப்பிடும் இடத்தை நினைத்துப் பார்த்தேன். முருகன் பக்கத்திலா நிற்கிறான்? மலையில் அல்லவா நிற்கிறான்! அந்தத் தூரம் முழுக்க அவர் குரலில் இருக்கிறது. மெல்லப் பாடும் பாடகிகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு வெளியை இப்படி நிரப்பும் குரலுக்கு வேறு வளர்ப்பு வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், காற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல் அது. கூத்துக்காரருக்கு அது உடனே பிடிபடுகிறது.

அண்ணாவியார் உள்ளே போய் ஒரு சல்லாரி கொண்டு வந்தார். விளிம்பு தேய்ந்த வெண்கலம், கோர்த்திருந்த கயிறு மட்டும் புதுசு. 2009இல் இடம்பெயர்ந்து போகையில் மத்தளம், உடுப்பு, ஏட்டுக் கொப்பி எல்லாம் விடுபட்டுப் போக, சாரத்து மடியில் முடிந்து கொண்டுபோனது இது மட்டும்தானாம். முற்றத்தில் இறங்கிக் கண்ணகி வரவுக்கு நாலடி ஆடிக் காட்டினார். இடுப்பு வளையவில்லை, ஆனால் பாதம் மணலில் வைத்த இடம் ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. கழுத்தைச் சற்றுச் சாய்த்ததும் கிழவர் போய் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். அம்மா கண்ணைத் துடைத்தார்.

போகும் நேரம், கவுந்தி அடிகள் பாட்டை ஃபோனில் போடச் சொன்னார். போட்டேன். காதோடு வைத்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இதுக்குள்ளை அவவை அடைக்கேலாது பிள்ளை" என்று ஃபோனைத் திண்ணையில் வைத்தார். பிறகு அந்தப் பாட்டுக்கு மேலே தானே பாடத் தொடங்கினார். பக்கத்து வளவில் கிணற்றடியில் வாளி இறக்கிக்கொண்டிருந்த பெண் கயிற்றை அப்படியே பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பி நின்றாள்.