மலைநாட்டுக் குளிரில் டேங்க் கோடு: அடிக்க முன்னும் அடித்த பின்னும்

பைக்கின் பெற்றோல் டேங்க்கில் அழகுக்காகக் கையால் இழுத்த கோடு ஆறு மாதத்தில் உரிந்தால் பழி பெயின்டர் மேல்தான் விழும். பல நேரம் அவர் குற்றவாளியே இல்லை. அடிக்க முன் துடைத்த துணியும் அடித்த பின் வந்த முதல் வாரமும்தான் கெடுத்திருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் என்றால் பனியும் இதில் கூட்டுச் சேரும்.

இங்கே பேசுவது ஸ்டிக்கர் கோட்டைப் பற்றியல்ல. எனாமல் பெயின்டால் இழுத்து, மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு அடிக்காமல் விட்ட கோட்டைப் பற்றி.

முதலில் டேங்க்கைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு பெயின்ட் கடையில் கிடைக்கும் வாக்ஸ் ரிமூவர். ஒரு கையில் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. நனைத்ததால் துடைத்த இடத்தை, அது தானாக ஆவியாகுமுன் காய்ந்ததால் எடுத்துவிட வேண்டும். ஆவியாக விட்டால் கரைந்த வாக்ஸ் மறுபடி அதே இடத்தில் படியும். பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் துடைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. இரண்டுமே மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதன்மேல் எனாமல் பிடிக்காது. தின்னரும் யோசித்துத்தான். கராஜில் மறுபடி பெயின்ட் அடித்த டேங்க் என்றால், சீட்டுக்கு அடியில் மறையும் இடத்தில் தின்னர்த் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது ஹார்ட்னர், அதாவது இறுக வைக்கும் திரவம், சேர்க்காத பெயின்ட். அதில் தின்னர் படவே கூடாது.

துடைத்த பின் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். பாய் விரித்த மாதிரிப் பரவி நின்றால் சுத்தம். சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் வாக்ஸ் இன்னும் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். டயர் பளபளப்புக்கு அடிக்கிற சிலிக்கன் ஸ்ப்ரேயை அந்த அறைப் பக்கமே கொண்டுவர வேண்டாம். துளி பட்டாலும் பெயின்ட் அந்த இடத்தில் மீன் கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும்.

கோடு போகிற பாதையை மட்டும் சாம்பல் நிற ஸ்கொட்ச் பிரைட் தேய்ப்பு நாரால் லேசாக மங்க வைத்தால் பிடிப்பு கூடும். முழு டேங்க்கையும் தேய்த்தால் கோட்டுக்கு வெளியே பளபளப்புப் போய்விடும், அது திரும்பாது.

டேப் வைத்து அடிப்பவர்கள் காகித மாஸ்கிங் டேப்பை நம்ப வேண்டாம். அதன் விளிம்பு வழியாக பெயின்ட் கசிந்து கோடு பூரான் கால் மாதிரி ஆகும். பிளாஸ்டிக் ஃபைன் லைன் டேப் இரண்டை 3 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒட்டி, உள் விளிம்பை நகத்தால் அழுத்திக்கொண்டே போங்கள். அடித்ததும் முழுவதும் காயும்வரை காத்திருக்கக் கூடாது. பெயின்ட் ஓடாமல் நின்றதும், தோல் கட்டுமுன், டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்த பின் இழுத்தால் கோட்டின் ஓரமும் சேர்ந்து கிழியும்.

கையால் இழுப்பதற்கு அணில் முடியில் செய்த, வாள் மாதிரி சரிந்த பிரஷ் வேண்டும். பழைய கலண்டர்த் தாளின் வழவழப்பான பக்கத்தில் கொஞ்சம் எனாமல், ஓரிரு துளி டர்பன்டைன். பிரஷை இரு பக்கமும் முன்னும் பின்னும் இழுத்து முடிக்குள் பெயின்டை ஏற்றுங்கள். தாளில் பிரஷ் லேசாக இழுபட வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் டர்பன்டைன் கூடிவிட்டது, கோடு வழியும். பிடித்துப் பிடித்து நின்றால் டர்பன்டைன் போதாது. கோடு நடுவில் அறும். சென்னையில் ரோயல் என்ஃபீல்ட் டேங்க்குகளில் பொன் நிறக் கோட்டை டேப் இல்லாமல் இப்படித்தான் கையால் இழுத்திருக்கிறார்கள். பார்க்கச் சுலபம், பழைய மட்கார்ட் ஒன்றில் நூறு கோடு இழுத்துப் பழகாமல் டேங்க்கில் கை வைக்காதீர்கள்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினை. எனாமல் ஆவியாகி மட்டும் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துத்தான் இறுகும். டின்னில் போட்டிருக்கும் காயும் நேரம் பெரும்பாலும் 25 பாகை வெப்பத்துக்கானது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அந்தக் கணக்கு எடுபடாது. தொட்டால் ஒட்டாது, ஆனால் தோலுக்கடியில் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

வெயில் ஏறியதும் தொடங்கி, மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுங்கள். பின்னேரம் இறங்கும் பனி ஈரமான எனாமலில் படிந்தால் பளபளப்புச் செத்து, பால் தெளித்த மாதிரி மங்கும். வெளியில் குளிர்ந்து கிடந்த டேங்க்கை உள்ளே கொண்டுவந்த உடனேயும் அடிக்காதீர்கள். கேத்தல் கொதிக்கிற அறையில் அது வியர்க்கும். ஒரு மணி நேரமாவது அறையோடு பழகட்டும். சீக்கிரம் காயட்டும் என்று லயத்து அடுப்படியில் வைப்பது இரட்டைத் தவறு: புகைக்கரி ஒட்டும், அதைவிட, பெற்றோல் வடித்த வெறும் டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும்.

ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பண்டாரவளை, வெலிமடையில் ஜூன், ஜூலையில் மழை இல்லையே என்று தொடங்குவார்கள். கச்சான் காற்று கொண்டுவரும் தூசி கோட்டில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகும். கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.

அடித்த பின் ஒரு நாள் தொடவே வேண்டாம். மூன்று நாள் மழையில் எடுக்க வேண்டாம், ஒரு வாரம் கழுவ வேண்டாம், 30 நாள் வாக்ஸ் வேண்டாம். குளிர் கூடிய இடத்தில் எல்லாவற்றையும் இன்னும் தள்ளிப் போடுங்கள். சந்தேகம் வந்தால் மூக்கை வைத்துப் பாருங்கள்: பெயின்ட் மணம் இருக்கும்வரை உள்ளே வேலை முடியவில்லை. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவும் கூடாது. உள்ளே வியர்த்து, கவரின் மடிப்பு அப்படியே கோட்டில் அச்சாகும்.

பெற்றோல் அடிக்கும்போது மூடி வாயைச் சுற்றித் துணி வைத்துப் பிடியுங்கள், விளிம்புவரை நிரப்பச் சொல்லாதீர்கள். சிந்தினால் ஒற்றி எடுத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தேய்த்தால் கோடு துணியோடு வரும். ரெயின்கோட்டின் முழங்கால் பக்கம் தினமும் உரசுகிற இடத்தில் கோடு முதலில் தேயும். பெல்ட் கொக்கியும் அப்படித்தான். டேங்க் மேல் கரட், லீக்ஸ் மூட்டை ஏற்றுகிறவர்கள் அந்த இடத்தில் கோடே போடாமல் இருப்பது நல்லது.

தோட்டத்து ரோட்டுச் செம்மண் காய்ந்திருக்கும்போது துணி போடாதீர்கள். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கி, பிறகு ஷாம்பு நுரையால், கோட்டின் நீளத்துக்கு மட்டும் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் விரல் நுனிக்குத் தெரிகிற அந்தச் சின்ன வரம்பில் துணி மாட்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் கன்னை டேங்க்குக்குப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரபிங் கொம்பவுண்ட் எந்தக் காலத்திலும் கூடாது. அது உயர்ந்து நிற்கிற கோட்டைத்தான் முதலில் அரைக்கும்.

உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிராக இருக்கிறதே என்று வெளியில் நிறுத்தி வைக்கிற பைக்கில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுப்பது அதனால்தான். கறுப்பும் வெள்ளையும் தாக்குப் பிடிக்கும். பிறகு கிளியர் கோட் அடிக்கிற எண்ணம் இருந்தால் பெயின்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எனாமலில் ஹார்ட்னர் கலக்க வேண்டியிருக்கும். கலக்காத கோட்டின்மேல் கிளியர் விழுந்தால், பாலாடை மாதிரிச் சுருங்கிக்கொண்டு எழும்பும்.